வருஷத்துக்கு எவ்வளவு வரி கட்டுகிறோம்? ஆண்டர்சன்பேட்டை அக்காவின் கணக்கு நோட்டு டிப்ஸ்

தங்கச்சி, "நாம எங்கே வரி கட்டுறோம், அதெல்லாம் பெங்களூருல லட்சத்துல சம்பளம் வாங்குறவங்க பாடு" என்று நம்ம பேட்டையில் சொல்லாத வீடே கிடையாது. வருமான வரி ஒன்றுதான் வரி என்றால் அந்தப் பேச்சு சரி. 2025-26 கணக்குப்படி, புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வருமான வரி இல்லை. ஆனால் பல் தேய்க்கிற பேஸ்ட்டில் 5%, போன் ரீசார்ஜில் 18%, வண்டிக்குப் போடுகிற பெட்ரோலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று விடிந்ததிலிருந்து படுக்கிறவரை கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். யாரும் சீட்டுக் கொடுத்துக் கேட்பதில்லை, அதனால் தெரிவதில்லை.

நம்ம கோலார் தங்கவயலில் அப்பா காலத்தில் சுரங்கக் கம்பெனி வீடு, கம்பெனி ஆஸ்பத்திரி என்று பல செலவு கம்பெனி கணக்கிலேயே போனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடியதிலிருந்து ஒவ்வொன்றும் நம் கைக்கு வரும் பில். புதுசாகக் குடித்தனம் வைத்திருக்கிற உனக்கும், உன்னைப் போன்ற தங்கச்சிமாருக்கும், ஒரு வருஷத்துக் கணக்கை எப்படிக் கூட்டுவது, கூட்டியபின் எங்கே மிச்சம் பிடிப்பது என்று சொல்கிறேன்.

1. நோட்டில் நாலு பத்தி போடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பத்தி வரி: ஜி.எஸ்.டி., கந்தாயம் (வீட்டுக்கான சொத்து வரி), தொழில் வரி, பெட்ரோல் வரி. இரண்டாவது கட்டணம்: தண்ணீர், குப்பை, ரயில் சீசன் டிக்கெட், பள்ளிக்கூடம், பேங்க் சார்ஜ். மூன்றாவது தண்டம்: தாமதத்துக்கு வட்டி, போலீஸ் அபராதம், கடைசித் தேதி தாண்டியதற்குக் கட்டுவது. நாலாவது வந்தது: அரசு நம் கையில் கொடுப்பது.

எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதினால் கடைசியில் பெருமூச்சுதான் மிஞ்சும். வரியை நம்மால் பெரிதாகக் குறைக்க முடியாது. கட்டணத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். தண்டத்தை ஒன்றுமே இல்லாமல் ஆக்கலாம். நோட்டு போடுவதே அந்த மூன்றாவது பத்திக்காகத்தான்.

பி.எஃப். பிடித்தம் இந்த நாலிலும் வராது. அது உன் வீட்டுக்காரரின் சேமிப்பு, தனிப் பக்கத்தில் எழுது. பேங்கில் ஆண்டுக்கு ஒருமுறை பிடிக்கிற 20 ரூபாயும் 436 ரூபாயும் வரி இல்லை. முன்னது விபத்துக் காப்பீடு, பின்னது ஆயுள் காப்பீடு. பிடிக்கிறார்களே என்று போய் நிறுத்திவிடாதே.

2. விலைக்குள் இருக்கிற ஜி.எஸ்.டி.யைப் பிரித்துப் பார்

பாக்கெட்டில் போட்டிருக்கிற எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் "ஜி.எஸ்.டி. தனி" என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டு அடம் பிடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடு.

வரியை மட்டும் பிரிக்கச் சுலபமான வழி: 5% பொருள் என்றால் விலையை 21-ஆல் வகு. 18% என்றால் நூற்றுக்குப் பதினைந்தேகால் ரூபாய் என்று வை. சமையல் கேஸ் 850 ரூபாய் என்றால், 21-ஆல் வகுத்தால் 40 ரூபாய் சொச்சம் வரி. 299 ரூபாய் ரீசார்ஜில் 45 ரூபாய் 61 காசு வரி.

2025 செப்டம்பர் 22 முதல் பல சாமான்களுக்கு வரி குறைந்திருக்கிறது. சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு வரியே இல்லை. தனிநபர் மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு பிரீமியத்துக்கும் வரி இல்லை, முன்பு மருத்துவக் காப்பீட்டுக்கு 18% இருந்தது. புதுப்பிக்கிற பில்லில் பழைய தொகையே இருந்தால் ஏன் என்று கேள். வண்டி இன்சூரன்ஸுக்கு மட்டும் 18% அப்படியே இருக்கிறது.

அரிசி விஷயத்தில் ஒரு சூட்சுமம். மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிற அரிசிக்கு வரி இல்லை. பெயர் அச்சடித்த, 25 கிலோ வரையிலான பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5%. அதே தரம் சில்லறையில் கிடைத்தால் சில்லறையிலேயே வாங்கு.

3. போன் ரீசார்ஜை 13-ஆல் பெருக்கு

28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை. மூன்று போன் உள்ள வீட்டில் 39 ரீசார்ஜ். 299 ரூபாய் பிளானிலேயே வரி மட்டும் 1,779 ரூபாய். வீட்டிலேயே இருக்கிற அம்மாவின் போனுக்குப் பேசுவதற்கு மட்டுமான நீண்ட நாள் பிளான் போட்டால் விலையும் குறையும், அதோடு வரியும் குறையும்.

4. கந்தாயத்தை ஏப்ரலிலேயே கட்டிவிடு

சொந்த வீடு இருந்தால் இதுதான் முதல் வேலை. ஏப்ரல் மாதத்துக்குள் கட்டினால் 5% தள்ளுபடி. மே, ஜூனில் கட்டினால் உள்ளது உள்ளபடி. ஜூலை பிறந்தால் மாதத்துக்கு 2% தண்டம். வருஷக் கணக்கில் பார்த்தால் 24%. பேங்கில் நகையை வைத்தால்கூட இவ்வளவு வட்டி கிடையாது. கையில் காசு இல்லை என்று கந்தாயத்தை இரண்டு வருஷம் தள்ளிப் போடுகிற வீடுகள் இதைத்தான் யோசிப்பதில்லை.

சீட்டை வாங்கியதும் பீரோவுக்குள் போடாமல் ஒருமுறை படி. 2021-22 முதல் கர்நாடக நகரசபைகளில் வழிகாட்டு மதிப்பை அடிப்படையாக வைத்துத்தான் கந்தாயம் போடுகிறார்கள். அந்தத் தொகையின் மேல் சுகாதார செஸ் 15%, நூலக செஸ் 6%, பிச்சைக்காரர் மறுவாழ்வு செஸ் 3%, நகரப் போக்குவரத்து செஸ் 2% ஏறும். வீட்டின் அளவு, ஓட்டு வீடா மாடி வீடா, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பதெல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார். தப்பான அளவுக்கு வருஷா வருஷம் கட்டுகிறவர்கள் உண்டு. நூலகத்துக்கும் கட்டுகிறாய் அல்லவா, பிள்ளைகளைப் பொது நூலகத்துக்கு அனுப்பு.

கந்தாயச் சீட்டு தொடர்ச்சியாக இருந்தால்தான் காத்தா என்கிற சொத்துப் பதிவேட்டு வேலை சுலபமாக நடக்கும். இப்போது இ-காத்தா இல்லாமல் நகரத்து மனைக்கும் வீட்டுக்கும் பத்திரப் பதிவு நடக்காது. பழைய கம்பெனி லைன் வீடுகளில் இருப்பவர்கள் கரண்ட் பில்லையும் தண்ணீர் ரசீதையும் வருஷ வாரியாகக் கட்டி வையுங்கள். எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறோம் என்பதற்குக் கையில் இருக்கிற ஆதாரம் அதுதான்.

5. கரண்ட் பில்லில் தொகையைப் பார்க்காதே, யூனிட்டைப் பார்

1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர் இது. இன்றைக்கு பெஸ்காம் பில்லில், மாநில அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி தயவால் பல வீட்டுக்குப் பூஜ்யம் என்று வருகிறது. பூஜ்யத்தைப் பார்த்ததும் பில்லைக் கிழித்துப் போடாதே. 2022-23-இல் உன் வீட்டு மீட்டர் ஓடிய சராசரியோடு கொஞ்சம் சேர்த்து ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவைத் தாண்டி 200 யூனிட்டுக்குள் இருந்தால் தாண்டியதற்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டிவிட்டால் அந்த மாதம் முழு பில்லும் நம் தலையில். அதில் நிலைக் கட்டணம், யூனிட் விலை, அதன்மேல் 9% மின்சார வரி எல்லாம் வரும். ஒரு யூனிட் வித்தியாசத்தில் ஆயிரத்துக்கு மேல் போய்விடும்.

பில் வந்த இருபதாம் நாள் மீட்டரைப் பார்த்து, எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று எழுதி வை. 150-ஐ நெருங்கினால் கெய்சர், அயர்ன் பெட்டியைக் கொஞ்சம் அடக்கு. வாடகை வீடு மாறும்போது பழைய வீட்டு மின் இணைப்பின் ஆர்.ஆர். நம்பரிலிருந்து உன் ஆதாரை விடுவித்துவிட்டுப் புது வீட்டு நம்பரில் சேர். அதை மறந்தால் புது வீட்டில் முழுப் பில்லும் கட்ட வேண்டியதுதான்.

6. பெட்ரோல்தான் பெரிய வரி வசூல்காரர்

பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்குள் இல்லை. மத்திய அரசின் கலால் ஒன்று, மாநிலத்தின் விற்பனை வரி ஒன்று. கர்நாடகத்தில் பெட்ரோல் விற்பனை வரி 2024 ஜூன் 15 முதல் 29.84%, முன்பு 25.92% இருந்தது. மத்திய கலாலை 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றினார்கள். இரண்டையும் கூட்டினால் 2025 நிலவரத்தில் நூறு ரூபாய் பெட்ரோலில் நாற்பது ரூபாய்க்குக் குறையாமல் வரி.

அதனால் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு நாலு சாமானுக்கு நாலு தடவை வண்டியை எடுக்கச் சொல்லாதே, வாரத்துக்கு ஒரு பட்டியல் போடு. பெண்களுக்கு அரசுப் பஸ் 2023 ஜூன் 11 முதல் இலவசம். ஆதாரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிற இடத்துக்குப் பஸ்ஸிலேயே போ. நோட்டில் வரிப் பத்தி சட்டென்று இறங்குகிற ஒரே வழி இது.

குடிக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் கர்நாடகத்தில் மதுவின் கூடுதல் கலால் வரி 20% ஏறியது. பாட்டில் செலவையும் நோட்டில் எழுது. எழுதியதை அவரிடமே கொடுத்துக் கூட்டச் சொல்.

7. சம்பளச் சீட்டையும் சீசன் டிக்கெட்டையும் பார்

மாரிகுப்பத்திலோ உரிகத்திலோ விடியற்காலை ரயில் ஏறி பெங்களூரு போகிறவர்கள் வீட்டில் ஒரு ஆளாவது இருப்பார்கள். மாதச் சம்பளம் 25,000 அல்லது அதற்கு மேல் என்றால் தொழில் வரி 200 ரூபாய் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து பிப்ரவரி மாதத்துக்கு மட்டும் 300. வருஷத்துக்கு 2,500. சம்பளம் 25,000-க்குக் குறைவாக இருந்தும் பிடித்தால் சம்பளப் பிரிவில் கேட்கச் சொல்.

இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டில் ஜி.எஸ்.டி. இல்லை. ஏ.சி.க்கும் முதல் வகுப்புக்கும்தான் 5%. ஆனால் சீசன் முடிந்த நாளை மறந்து ஏறி மாட்டினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் தண்டம். சீசன் முடிகிற தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வை.

பெங்களூரில் வேறு பேங்கின் ஏ.டி.எம்.மில் மாதத்துக்கு 3 முறைதான் இலவசம், நம்ம ஊரில் 5. அதற்கு மேல் 2025 மே 1 முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை, அதன்மேல் 18% வரி. ஐந்நூறு எடுக்க 27 ரூபாய் அழுவது எதற்கு? ஊரிலேயே எடுத்துக் கொடுத்து அனுப்பு.

8. அம்மாவின் டெபாசிட் வட்டியைக் காப்பாற்று

சுரங்கம் மூடியபோது வந்த பணமோ, அப்பாவின் கடைசிப் பணமோ, அம்மா பெயரில் பேங்கில் கிடக்கலாம். 2025 ஏப்ரல் முதல் ஒரு பேங்கில் வருஷ வட்டி 60 வயது தாண்டியவர்களுக்கு 1 லட்சமும், மற்றவர்களுக்கு 50,000-மும் தாண்டினால்தான் 10% டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். தாண்டுகிறது, ஆனால் மொத்த வருமானம் வரி கட்டுகிற அளவு இல்லை என்றால், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்கிற படிவத்தை (2025-26-இல் 60 தாண்டியவர்களுக்கு 15எச், மற்றவர்களுக்கு 15ஜி) பேங்கில் கேள். வருஷம் பிறந்ததும் ஏப்ரலிலேயே கொடுத்துவிட வேண்டும். போன வருஷம் கொடுத்தது இந்த வருஷத்துக்குச் செல்லாது. பேன் கார்டு சேர்க்காத கணக்கில் 10-க்குப் பதில் 20% பிடிப்பார்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும், விட்டுவிடாதே.

9. தண்டப் பத்தியைச் சுத்தம் செய்

ஹெல்மெட் இல்லை என்றால் 500 ரூபாய். பெங்களூருக்கு வண்டியில் போனால் கேமரா படம் பிடித்து வைத்திருக்கும், வீட்டுக்குச் சீட்டு வராமலே சேர்ந்துகொண்டிருக்கும். மாதம் ஒருமுறை வண்டி நம்பரைப் போட்டுப் பார். கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியிலும், 2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரையும், நிலுவை அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். அப்படி அறிவிப்பு வந்தால் அன்றைக்கே கட்டு. இன்சூரன்ஸ், எமிஷன் சர்டிபிகேட் முடிகிற தேதிகளும் காலண்டரில் ஏறட்டும்.

சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு வருவாய்த் துறையின் நாடகச்சேரி அலுவலகத்தில் அரசு நிர்ணயித்த கட்டணம் சிறு தொகைதான். நடுவில் ஒரு ஆளைப் பிடித்தால் பல மடங்கு. ரசீதில் உள்ள தொகையைக் கட்டணப் பத்தியிலும், ஆளுக்குக் கொடுத்ததைத் தண்டப் பத்தியிலும் எழுது. வருஷக் கடைசியில் அதைப் பார்த்தால் அடுத்த முறை நீயே வரிசையில் நிற்பாய்.

10. வீட்டிலேயே கடையோ தையலோ இருந்தால்

வீட்டுச் செலவுக்கும் கடைக்கும் ஒரே யு.பி.ஐ. வைக்காதே. 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவை வைத்துக் கர்நாடக வணிக வரித் துறை ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், கடைக்காரர்கள் ஸ்கேன் அட்டையைக் கழற்றியதும் ஞாபகம் இருக்கும். தம்பி அனுப்பிய பணமும் சீட்டுப் பணமும் கடை விற்பனையாகத் தெரிந்தால் விளக்கம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பொருள் விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம், தையல் போன்ற சேவைக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். தேவையில்லாமல் யாரோ சொன்னார்கள் என்று பதிவு போட்டால் காலம் தவறாமல் ரிட்டர்ன், தவறினால் தண்டம். அதைவிட முக்கியம்: கணவனோ மனைவியோ வருமான வரி கட்டினால் அல்லது ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்தால், குடும்பத் தலைவிக்கு மாநில அரசு மாதா மாதம் கொடுக்கிற கிருஹ லட்சுமிப் பணம் கிடைக்காது.

11. வாழ்நாளில் சிலமுறை வருகிற பெரிய வரி

புது டூவீலர்: 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிவிட்டது. ஆனால் கர்நாடக ஆயுள் வரி 1 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைந்த விலைக்கு 12%, தாண்டினால் 18%. ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிற மாடலைப் பார்க்கும்போது இந்த ஆறு சதவீதத்தையும் கூட்டிப் பார்.

வீடு, மனை: முத்திரைத் தீர்வை செஸ் எல்லாம் சேர்த்து நகரத்தில் பொதுவாக 5.6%. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1-லிருந்து 2%. மொத்தம் 7.6%. பத்து லட்சத்துக்கு 76,000. அட்வான்ஸ் கொடுக்கும்முன் இதைத் தனியாக எடுத்து வை.

நகை: தங்கம் வெட்டி எடுத்த ஊரில் பிறந்தாலும் கடையில் 3% ஜி.எஸ்.டி. கட்டித்தான் ஆக வேண்டும். லட்சத்துக்கு 3,000. பில் இல்லாமல் வாங்கினால் இதை மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். பில் இல்லாத நகையில் கலப்படம் என்றால் யாரிடம் போய் நிற்பாய்?

ஒரு மாதிரிக் கணக்கு

சொந்த வீடு, நாலு பேர், ஒரு டூவீலர், மாதச் சம்பளம் 28,000 என்று வைத்துக்கொள். ஒரு வருஷத்துக்கு வரி மட்டும்:

தொழில் வரி – 2,500
மூன்று போன் ரீசார்ஜ் – 1,779
எட்டு கேஸ் சிலிண்டர் – 324
பெட்ரோல் (மாதம் 1,200 ரூபாய்க்கு, நாற்பது சதவீதம்) – 5,760
பாக்கெட் மளிகை (மாதம் 3,000) – 1,714
துணி, செருப்பு (வருஷம் 20,000) – 952
இன்டர்நெட் (மாதம் 590) – 1,080
வண்டி இன்சூரன்ஸ் – 180
கந்தாயம், செஸ் – 2,000
மொத்தம் – 16,289

மாதத்துக்கு 1,357 ரூபாய். சம்பளத்தில் ஏறக்குறைய 5%. வருமான வரி ஒரு பைசா இல்லாத வீட்டில் இது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோல் ஒன்றே. காய்கறி லாரியின் டீசலில் இருக்கிற வரியும் விலையோடு விலையாக நம்மிடம்தான் வருகிறது, அதை இங்கே சேர்க்கவில்லை. உன் வீட்டு எண்களைப் போட்டால் கூடும் குறையும், முறை இதுதான்.

நாலாவது பத்தியையும் மறக்காதே. கிருஹ லட்சுமி மாதம் 2,000 தவறாமல் வந்தால் வருஷத்துக்கு 24,000. அதோடு கரண்ட், பஸ், ரேஷன். பணம் வராத மாதத்தைக் காலியாக விட்டு எழுது. எந்த மாதம் வரவில்லை என்று தேதியோடு கேட்டால்தான் ஆபீசில் பதில் கிடைக்கும். இலவசம் வாங்குகிறோம் என்று கூனிக் குறுகவும் வேண்டாம், எல்லாம் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று புலம்பவும் வேண்டாம். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேச்சு நிதானமாக வரும். தெருவில் குப்பை எடுக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்று கவுன்சிலரிடம் கேட்கும்போதும், "நாங்க வருஷத்துக்கு இவ்வளவு கட்டுறோம்" என்று சீட்டைக் காட்டிக் கேட்கலாம்.

ஏப்ரலில் கந்தாயமும் பேங்க் படிவமும். ஜூன் 30-க்குள் விட்டுப்போன கந்தாயம். பில் வந்த இருபதாம் நாள் மீட்டர். மாதம் ஒருமுறை வண்டி அபராதமும் சீசன் தேதியும். இந்த நாலை மட்டும் காலண்டரில் எழுதி ஒட்டு, தங்கச்சி. அடுத்த மார்ச்சில் கணக்கை முடிக்கும்போது தண்டப் பத்தி காலியாக இருந்தால், நோட்டு போட்ட வேலை முடிந்தது.